இரண்டாவது இருக்கை

சுவரில் துளையிட்டபோது உதிர்ந்த தூள் ஈரமாக இருந்தது.

இடது பின் மூலையில் அப்படி இல்லை. அங்கே சிமெண்டு மாவு போல உதிர்ந்து, தரையில் விரித்திருந்த பழைய நாளிதழின் மேல் சின்னக் குவியலாக விழுந்தது. வலது பின் மூலையில் மட்டும் டிரில் கம்பியைச் சுற்றி மஞ்சளாக ஏதோ திரண்டது. அது விழவில்லை. கொழகொழவென்று இறங்கி, சுவரிலிருந்து ஒரு சாண் நீளத்துக்கு நூலாகத் தொங்கி, மின்விசிறிக் காற்றில் ஆடியது.

தௌஃபிக் டிரில்லை நிறுத்தினான். ஈப்போவில் வீடு வீடாகப் போய் ஸ்பீக்கர் பொருத்துகிறவன். எத்தனையோ சுவர்களைத் துளைத்தவன். விரலால் தொட்டு, முகர்ந்து, முகத்தைச் சுளித்தான்.

“என்னண்ணே இது, செவுத்துக்குச் சளி புடிச்சிருக்கு.”

வீட்டுக்காரன் மதீசன் சிரிக்கவில்லை.

“உள்ள பைப் போகுதா?” என்றான் தௌஃபிக்.

“இல்ல.”

“அந்தப் பக்கம் யாரு வீடு?”

“யாரும் இல்ல. இது ஓர வீடு.”

அந்தப் பக்கம் வேலியும், வேலிக்கு அப்பால் வெட்டாமல் விட்ட நாற்பது ஐம்பது பால்மரங்களும் இருந்தன. பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய வீட்டுக் குடியிருப்பு, இந்தத் தாமான். பின் சாலையில் கட்டிப்பால், அதாவது உறைந்த ரப்பர்ப்பால், ஏற்றிய லோரிகள் ஆலைக்குப் போகும். போகிற வழியெல்லாம் கறுப்புத் தண்ணீர் சொட்டும். அந்த நாற்றம் மழைக்கு முந்திய காற்றில் ஏறி ஜன்னல் திரையில், துவைத்த துணியில், சோற்றில்கூட உட்கார்ந்துகொள்ளும்.

“அப்ப கட்டிப்பால் லோரிதான்லா,” என்றான் தௌஃபிக். “வாடை செவுத்துக்குள்ளயே எறங்கிருச்சு.” தாளைக் கிழித்து அந்த நூலைத் துடைத்தான். அது அறுபடாமல் நீண்டது. இரண்டாவது தாளும் தேவைப்பட்டது.

மதீசனுக்குக் கட்டிப்பால் நாற்றம் தெரியும். இது அதுவல்ல. புளித்த பால்மாவு, கொஞ்சம் இரும்பு, வெகுநேரம் வாயில் தேங்கிய எச்சில். இதுவும் அவனுக்குத் தெரியும். அவன் மனைவி மாதுமையின் கடைசி நான்கு மாத நாற்றம் இது.

அவள் இந்த அறையில்தான் கிடந்தாள். நாக்கில் புற்று. முப்பத்தொரு வயது. தொண்டையில் துளை போட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். மூக்கு வழியாகப் பால்மாவு இறங்கியது. கட்டிலின் தலைமாடு அந்த வலது பின் மூலை. அவள் இறந்த பிறகு அவன் அறையைக் குளோராக்ஸ் ஊற்றிக் கழுவினான், இரண்டு முறை வெள்ளையடித்தான், கட்டிலைக் கொடுத்துவிட்டான். வரும் வெள்ளிக்கிழமை திதிப்படி ஓராண்டு. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள் அவனுக்கு ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால்தான் ஐந்து ஸ்பீக்கர். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு. எந்தப் பக்கமும் சும்மா இருக்கக் கூடாது என்று நினைத்தான்.

தௌஃபிக் மூலையில் ஸ்பீக்கரை மாட்டி முடித்தான். அறை நடுவே புதிதாகப் போட்டிருந்த இரண்டு இருக்கைகளிலிருந்து நைலான் நூல் இழுத்துப் பிடித்து, காதுக்கு ஒரு சாண் மேலே, காதுக்குக் கொஞ்சம் பின்னே என்று உயரத்தையும் கோணத்தையும் சரிபார்த்தான். அவன் வேலை செய்யும் விதம் அது. மதீசன் நில அளவையாளன். தன் லேசர் மீட்டரால் மறுபடியும் அளந்தான். இடது இருக்கையிலிருந்து இடது பின் ஸ்பீக்கர் ஒன்று புள்ளி ஒன்பது மீட்டர். வலது பின் இரண்டு புள்ளி நான்கு.

“என் நூலை நம்ப மாட்டீங்களா?”

“பழக்கம்.”

“நல்ல பழக்கம்லா. என் பொண்டாட்டிக்கும் இருக்கு. கடையிலேந்து வீட்டுக்கு எத்தனை நிமிஷம்னு அளந்து வச்சிருக்கா.” அவன் கருவிகளைப் பையில் போட்டான். “அக்கா வேலைக்குப் போயிருக்காங்களா?”

“ம்.”

ஏன் அப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியவில்லை. விளக்குவதற்கு வாயைத் திறக்க வேண்டும். அந்த நாற்றத்தில் வாயைத் திறக்க அவனுக்குப் பிடிக்கவில்லை.

“ஜும்ஆ தொழுகைக்கு நேரமாச்சு, நான் கெளம்புறேன். அப்புறம் சிலிபின்ல இன்னொரு வேலை. மைக் வேலையை நீங்களே செஞ்சிரலாம், ஈசிதான்.” பெருவிரல் அளவு கறுப்பு மைக் ஒன்றைச் சின்ன முக்காலியில் செருகி இடது இருக்கையில் வைத்தான். “உக்காந்தா உங்க காது எங்க இருக்குமோ அங்க இது. ஒவ்வொரு ஸ்பீக்கரா டுக் டுக்குனு அடிக்கும், மைக் கேக்கும், எவ்வளவு தூரம்னு ரிசீவரே கணக்குப் போட்டுக்கும். அதுவரைக்கும் ரூம்ல சத்தம் கூடாது. மொதல்ல எத்தனை சீட்டுனு கேக்கும். ஒன்னு போடுங்க, சுருக்க முடிஞ்சிரும்.”

கதவருகே நின்று மூலையைத் திரும்பிப் பார்த்தான். சட்டையில் விரலைத் துடைத்துக்கொண்டான். ஏற்கனவே துடைத்த விரல்தான்.

“செவுத்தை ஒடச்சுப் பாருங்கண்ணே. உள்ள என்னமோ செத்துக் கெடக்கு.”

அவன் மோட்டார் சைக்கிள் சத்தம் தாமான் நுழைவாயில்வரை கேட்டது. பிறகு இல்லை.

மதீசன் கறுப்புத் திரையை இழுத்துவிட்டான். பகல் ஒரு மணி இரவானது. தொலைக்காட்சியில் வெள்ளை எழுத்துகள் கேட்டன: எத்தனை இருக்கைகள்?

ரிமோட்டில் அவன் விரல் இரண்டை அழுத்தியது.

யோசிக்காமல் அழுத்தினான். நாசி லெமாக் சோற்றுக் கடையிலும் அவன் இப்படித்தான். இரண்டு பொட்டலம் என்பான், ஒன்று குளிர்பெட்டியில் கிடந்து பூசணம் பிடித்து, இலைக்குள் நீர்விட்டு, வாரக் கடைசியில் மூக்கைப் பிடித்துக்கொண்டு எறிவான். திருமண மோதிரத்தையும் கழற்றவில்லை. மறந்துபோயிற்று, அவ்வளவுதான். பின்னால் போகும் பொத்தானை அழுத்திப் பார்த்தான். ரிசீவர் கேட்கவில்லை. முதல் இருக்கை, அமைதியாக இருக்கவும் என்றது.

அவன் கதவோரம் நின்று மூச்சை அடக்கினான்.

இடது முன். டுக், டுக், டுக். நடு. வலது முன். இருட்டில் அந்தச் சத்தம் அறையின் ஓரங்களைத் தொட்டுத் தொட்டு நகர்ந்தது. வலது பின் மூலை வந்தபோது சத்தம் மாறியது. அதுவரை மரத்தில் தட்டுவது போல் இருந்தது, இப்போது இரும்பில் தட்டுவது போல் இருந்தது. மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

மாதுமைக்குப் பேச்சு இல்லை. சளி அடைத்தால், விரல் மோதிரத்தால் கட்டில் கம்பியில் மூன்று முறை தட்டுவாள்.

இடது பின் முடிந்தது. திரையில் எண்கள் வந்தன. நான்கு எண்கள் சரியாக இருந்தன. வலது பின்: 1.6.

அவன் லேசரை எடுத்து அளந்தான். 2.4. ஸ்பீக்கர் அசையவில்லை, நான்கு திருகாணிகள் இறுகியிருந்தன. அதன் கீழே சுவரில் வண்ணம் கொப்புளித்திருந்தது, காய்ச்சிய பாலின் மேல் ஆடை சுருங்குவது போல. கொப்புளத்தின் நுனியிலிருந்து மஞ்சள் நூல் மறுபடியும் இறங்கியிருந்தது.

ஈரச் சுவர். ஈரம் சத்தத்தைக் கெடுக்கும். படித்தவன் அவன். மறுபடியும் அளக்கும் பொத்தானை அழுத்தினான்.

வலது பின்: 0.9.

வெளியே இடி உருண்டது. பின்வாசல் தகரத்தில் முதல் துளிகள் விழுந்தன. நில அளவையாளனுக்கு ஒரு எண்ணைக் கொடுத்தால் அவன் புள்ளியைத் தேடுவான். அதே பழக்கத்தில் மதீசன் இடது இருக்கையிலிருந்து வலப்பக்கமாகத் தொண்ணூறு சென்டிமீட்டரை லேசரால் குறித்தான். சிவப்புப் புள்ளி பக்கத்து இருக்கையின் தலை சாயும் இடத்தில் நின்றது. கறுப்புத் தோல். யாரும் உட்காராத தோல். புள்ளி அங்கே வட்டமாக இல்லை. நீரில் விழுந்த வெளிச்சம் போலக் கலங்கியிருந்தது.

கைபேசி அடித்தது. மாமி.

மாதுமையின் அம்மா சாரதாதேவி காம்பாரில் தனியாக இருந்தார். ஓய்வுபெற்ற ஆசிரியை. வாரம் ஒருமுறை அழைப்பார்.

“தம்பி, சாப்பிட்டீங்களோ?”

“ஓம் மாமி.”

“வாற வெள்ளி ஆட்டைத் திவசம். ஐயருக்குச் சொல்லியாச்சு. ஐயர் போனாப்பிறகு அவளுக்குப் பிடிச்ச கணவாய்க் கறியும் வைப்பம். கடைசியில ஒண்டும் வாயில வைக்கேலாமல் போனவள்.” குரல் தாழ்ந்தது. “தம்பி, குறை நினையாதேங்கோ. பிள்ளை நித்திரையிலதானே போனவள்?”

ஒவ்வொரு வாரமும் இதைக் கேட்பார். இறந்த அன்று அவன் சொன்னது அது. ஓராண்டாக மாமி அதை வைத்துத்தான் தூங்கினார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஹாலில் அவன் பேட்மிண்டன் இறுதியாட்டம் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்றாவது செட். அறையிலிருந்து களகளவென்று அந்தச் சத்தம் வந்தது, கொதிக்கும் கஞ்சியின் சத்தம். போனால் கையுறை போட வேண்டும். தொண்டைத் துளைக்குள் குழாயை விட வேண்டும். மஞ்சளும் சிவப்பும் கலந்து அது சீசாவுக்குள் விழுவதைப் பார்க்க வேண்டும். சீசாவைக் கழுவ வேண்டும். முந்திய நாள் அவள் முன்னாலேயே அவனுக்குக் குமட்டியது. அவள் பார்த்துவிட்டாள். நோட்டில், மன்னிச்சுக்கொள்ளுங்கோ என்று எழுதினாள். அந்தத் தாளின் ஓரமும் ஈரமாக இருந்தது.

இந்தச் செட் முடியட்டும் என்று நினைத்தான். மூன்று தட்டு கேட்டது. மறுபடியும் மூன்று. ஒலி பதினெட்டில் இருந்தது. அவன் இருபத்தாறுக்குக் கூட்டினான்.

இருபது நிமிடம் கழித்துப் போனபோது அவள் கண் திறந்திருந்தது. கதவைப் பார்த்து.

“தம்பி?”

இப்போது சொல்லலாம். மழை வலுத்தது. இருட்டில் பக்கத்து இருக்கையின் தோல் மெல்ல முனகியது, ஒருவர் காது கொடுக்கச் சாய்ந்தால் முனகுவது போல.

“நித்திரையிலதான் மாமி. ஒரு சத்தமும் இல்ல.”

“கடவுள் இருக்கிறார்,” என்றார் மாமி. வைத்துவிட்டார்.

திரை சொன்னது: மைக்கை இரண்டாவது இருக்கையில் வைக்கவும்.

அவன் பிளக்கைப் பிடுங்கியிருக்கலாம். செய்யவில்லை. ஈரச் சுவர், மோசமான மைக், நாளைக்குத் தௌஃபிக்கைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லலாம்; எண் ஒழுங்காக வந்துவிட்டால் போதும், ஒழுங்காக ஒரு எண். முக்காலியைத் தூக்கிப் பக்கத்து இருக்கையில் வைத்தான். வைக்கும்போது புறங்கை தோலில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது. விரல்களுக்கிடையில் ஏதோ ஒட்டி, கையை எடுத்தபோது இழுபட்டது. அவன் கால்சட்டையில் துடைத்தான். தன் இருக்கையில் உட்கார்ந்தான். பொத்தானை அழுத்தினான்.

டுக், டுக், டுக்.

இடது முன். நடு. வலது முன்.

வலது பின் மூலை அடிக்கவில்லை. அங்கே ஒன்றும் இல்லை. மூன்று தட்டும் அவன் பக்கத்திலிருந்து வந்தன, தொங்கவிட்ட கை எட்டும் உயரத்தில், நாற்காலியின் இரும்புக் காலில்.

சத்தம் அதிகம், அமைதியாக இருக்கவும் என்றது திரை.

அவன் மூச்சே விடவில்லை. ஆனாலும் மூச்சுச் சத்தம் இருந்தது. களகளவென்று. ஏறி, தேங்கி, இறங்கி.

வலது பின்: 0.0.

முடிந்தது என்றது திரை. ஒருகணம் கறுப்பு. பிறகு தொலைக்காட்சி தானாக ஏதோ ஒரு விளையாட்டு அலைவரிசைக்குப் போனது. பேட்மிண்டன். ஐந்து பக்கமும் கூட்டம் ஆர்ப்பரித்தது. காலணிகள் தரையில் கீச்சிட்டன. இறகுப்பந்து அவன் தலைக்கு மேலே போய் விழுந்தது. தௌஃபிக் நன்றாகத்தான் பொருத்தியிருந்தான். ரிசீவரில் நீல எண்: 18.

அந்த நாற்றம் இப்போது காற்றில் இல்லை. அவன் நாக்கில் இருந்தது.

வலப்பக்கம் திரும்பக் கூடாது.

கைபேசி மடியில் கிடந்தது. மாமியிடம் சொல்லிவிட வேண்டும். இப்போதே. எனக்குக் கேட்டது மாமி, தட்டினாள், இரண்டு முறை தட்டினாள், நான்தான் ஒலியைக் கூட்டினேன். அவ்வளவுதான். நான்கு சொற்றொடர். சொன்னால் போய்விடும். அவன் எண்ணை அழுத்திக் காதில் வைத்தான்.

“சொல்லுங்கோ தம்பி.”

வாயைத் திறந்தான்.

தொண்டை அடியிலிருந்து ஏதோ ஏறியது. வெதுவெதுப்பாக. கெட்டியாக. புளித்த பால். இரும்பு. அவன் விழுங்கப் பார்த்தான். இறங்கவில்லை. துப்பப் பார்த்தான். உதட்டிலிருந்து முழங்கால்வரை நூலாகத் தொங்கியது. அறுபடவில்லை. மாமி என்று சொன்னான். வந்தது களகளப்பு.



மறுமுனையில் மாமியின் குரல். தயங்கி. மிகச் சின்னதாக. ஓராண்டாக மகளைக் கூப்பிடாத குரல்.

“பிள்ளை?”

மூச்சு இல்லை. மூக்கிலும் அடைப்பு. கழுத்தைப் பிடித்தான். விரலடியில் தோல் குழைந்தது, பள்ளமாக, வட்டமாக. கைபேசி விழுந்தது. தரையில் விழுந்தும் அது கூப்பிட்டது. “பிள்ளை, நீயோ? பிள்ளை?”

எழ முடியவில்லை. கை மட்டும் அசைந்தது. நாற்காலியின் இரும்புக் காலில் மோதிரத்தால் தட்டினான்.

மூன்று முறை.

பக்கத்தில் களகளப்பு நின்றுவிட்டது. மிகச் சுத்தமான மூச்சு ஒன்று அங்கே உள்ளே போய் வெளியே வந்தது.

மறுபடியும் தட்டினான். மூன்று.

ரிசீவரில் நீல எண் மாறியது. பத்தொன்பது. இருபது. கூட்டம் உரக்கக் கத்தியது. இருபத்திரண்டு. மாமியின் குரல் அதில் முங்கிப் போனது. இருபத்து நான்கு. அவன் கண்ணை மட்டும் வலப்பக்கம் திருப்பினான்.

இரண்டாவது இருக்கையின் தோல் ஓர் ஆள் அளவுக்கு அமுங்கியிருந்தது. தலை சாயும் இடத்தில் மஞ்சள் ஈரம் பளபளத்தது. அங்கிருந்த மைக்கை அது முழுக்க மூடியிருந்தது. கைப்பிடியில், அவன் கையிலிருந்த ரிமோட். அதன் பொத்தான், யாரும் தொடாமல், உள்ளே அமுங்கி அமுங்கி எழுந்தது.

இருபத்தாறு.

அது அவன் பக்கம் திரும்பவில்லை. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.